எட்டே மாதத்தில் பால் ஜாயின்ட் தட்டுகிறது என்றால்: கண்டுபிடிப்பது, மாற்றுவது, காப்பாற்றுவது

கேள்வி இதுதான். முன் சக்கரங்களுக்கு மேலும் கீழும் தனித்தனி ஆர்ம் (சக்கரத்தைச் சேஸிஸோடு பிணைக்கும் கை) உள்ள ஆஃப்-ரோடு வண்டி. ஸ்பிரிங் கீழ் ஆர்மில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டரை அங்குலம் லிஃப்ட் செய்து, பெரிய டயர் போட்டிருக்கிறார். பால் ஜாயின்ட் என்பது ஆர்மையும், சக்கரத்தைத் தாங்கும் உலோகத் துண்டான நக்கிளையும் இணைக்கும் மூட்டு: ஒரு கிண்ணத்துக்குள் பந்து, பந்திலிருந்து வெளியே நீளும் தண்டு (ஸ்டட்). கீழ் பால் ஜாயின்ட் இரண்டையும் ஒரு பட்டறையில் மாற்றி எட்டு மாதம் ஆகிறது. அதற்குள் இடது பக்கம் மறுபடியும் 'டொக்' என்று தட்டுகிறது. வேறு பிராண்ட் வாங்கலாமா, இந்த முறை நானே மாற்ற முடியுமா, மாற்றிய பிறகு எப்படிப் பார்த்துக்கொள்வது என்று கேட்கிறார்.

பிராண்டைப் பற்றிக் கடைசியில் யோசிக்கலாம். எட்டு மாதம் என்பது ஒரு பால் ஜாயின்ட் இயல்பாகத் தேயும் காலமே இல்லை. ஏதோ ஒன்று அதைக் கெடுத்திருக்கிறது. அது என்னவென்று தெரியாமல் மூன்றாவது ஜோடியைப் போட்டால் அதுவும் இதே வழியில்தான் போகும். அதனால் ஒரு வேண்டுகோள்: இடது பக்க ஜாயின்ட்டைக் கழற்றியதும் குப்பையில் போட்டுவிடாதீர்கள். அதை அறுத்துப் பார்க்கப் போகிறோம். என்ன நடந்தது என்பது அதற்குள்தான் இருக்கிறது.

அதற்கும் முன்னால், தட்டுவது பால் ஜாயின்ட்தானா என்று உறுதி செய்யுங்கள். ஸ்டெபிலைசர் பார் லிங்க், ஷாக் அப்சார்பரின் அடிப்புஷ், ஆர்மின் ரப்பர் புஷ், டை ராட் (ஸ்டியரிங்கோடு சேர்ந்து சக்கரத்தைத் திருப்பும் கம்பி) முனை எல்லாமே கிட்டத்தட்ட இதே சத்தத்தைத்தான் தரும். நல்ல பால் ஜாயின்ட்டை மாற்றிவிட்டு, லிங்க் புஷ் தட்டும் சத்தத்தோடு வண்டியை வெளியே கொண்டுவந்தவர்கள் நிறையப் பேர்.

சோதனையில் முக்கியமானது ஜாக்கியை எங்கே வைக்கிறீர்கள் என்பது. உங்கள் வண்டியில் ஸ்பிரிங் கீழ் ஆர்மில் இருப்பதால் வண்டியின் எடை கீழ் ஆர்ம் வழியாகத்தான் இறங்குகிறது. எடை தாங்குவது கீழ் பால் ஜாயின்ட். ஆகவே ஜாக்கி கீழ் ஆர்முக்கு அடியில், ஜாயின்ட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் இருக்க வேண்டும். அப்போதுதான் எடை ஜாக்கிக்குப் போய், ஜாயின்ட் சும்மா நிற்கும். தேய்ந்திருந்தால் ஆட்டம் வெளியே தெரியும். சேஸிஸைத் தூக்கி சக்கரத்தைத் தொங்கவிட்டால், பல வண்டிகளில் ஸ்பிரிங்கின் விசையே ஜாயின்ட்டை இறுக்கிப் பிடித்து ஆட்டத்தை மறைத்துவிடும். "நாங்கள் பார்த்தோம், ஜாயின்ட் நன்றாக இருக்கிறது" என்று சொல்லப்படுவது பல நேரங்களில் இப்படிப் பார்த்ததுதான். ஸ்பிரிங் மேல் ஆர்மில் இருக்கும் வண்டிகளுக்குத்தான் சேஸிஸில் ஜாக்கி வைக்க வேண்டும். முன்பக்கமும் முழு அச்சாக இருக்கும் வண்டிக்கு அச்சுக்கு அடியிலேயே வைக்கலாம்.

சக்கரம் தரையை விட்டு இரண்டு மூன்று சென்டிமீட்டர் எழும்பினால் போதும். சேஸிஸுக்கு ஒரு ஸ்டாண்டும் கொடுத்துவிடுங்கள். டயருக்கு அடியில் ஒரு கடப்பாரையைக் கொடுத்து மெதுவாக நெம்பி இறக்குங்கள். இன்னொருவர் டார்ச் அடித்து ஆர்முக்கும் நக்கிளுக்கும் நடுவில் பார்க்கட்டும். ஆர்ம் அசையாமல் நக்கிள் மட்டும் மேலேறி இறங்கினால் அது பால் ஜாயின்ட். பிறகு டயரை மேலும் கீழுமாகப் பிடித்து உள்ளும் வெளியும் ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடியும் ஆட்டுங்கள். பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங். நிற்காவிட்டால் ஜாயின்ட்டையோ ஆர்ம் புஷ்ஷையோ சந்தேகப்படலாம். டயரை இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டும்போது மட்டும் வந்தால் டை ராட் பக்கம் பாருங்கள்.

எவ்வளவு ஆட்டம் இருக்கலாம் என்பதற்கு எல்லா வண்டிக்கும் பொருந்தும் ஓர் எண் இல்லை. சில ஜாயின்ட்களில் கொஞ்சமும் இருக்கக் கூடாது. சில எடை தாங்கும் ஜாயின்ட்களுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு இருந்தாலும் தயாரிப்பாளரே அனுமதிக்கிறார். வொர்க்‌ஷாப் மேனுவலில் அந்த அளவு இருக்கும், டயல் கேஜ் வைத்து அளக்கலாம். சில ஜாயின்ட்களின் அடியில் கிரீஸ் நிப்பிள் ஒரு சின்ன மேட்டில் நிற்கும். தேயத் தேய அந்த மேடு உள்ளே போய்க்கொண்டே வரும். அந்த வகையை மட்டும் சக்கரம் தரையில் நிற்கும்போது, எடையோடுதான் பார்க்க வேண்டும்.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எடை தாங்கும் ஜாயின்ட்களில் இரண்டு வகை. கீழ் ஆர்மை ஸ்பிரிங் எப்போதும் கீழே தள்ளிக்கொண்டே இருக்கிறது. ஆர்ம், நக்கிளின் ஜாயின்ட் பொருந்தும் இடத்துக்கு மேலே இருந்தால் எடை பந்தைக் கிண்ணத்துக்குள் அழுத்தும். தேய்ந்தாலும் பந்து உள்ளேயே உட்கார்ந்திருக்கும், சத்தம் போடும், எச்சரிக்கும். ஆர்ம் அந்த இடத்துக்குக் கீழே இருந்தால் கதை வேறு. எடை பந்தைக் கிண்ணத்திலிருந்து உருவப் பார்க்கும். கிண்ணத்தின் உதடு தேய்ந்துபோனால் பந்து கழன்று வெளியே வந்துவிடும். 2005இல் டொயோட்டா தன் டகோமா, டன்ட்ரா, சிக்வோயா வண்டிகளைக் கீழ் பால் ஜாயின்ட்டுக்காகத் திரும்ப அழைத்தது; அந்த வண்டிகளில் இருந்தது இப்படி இழுவையில் நிற்கும் ஜாயின்ட். உங்கள் வண்டிக்கு அடியில் படுத்து, உங்களுடையது எந்த வகை என்று இன்றே பாருங்கள். இழுவையில் நிற்பது என்றால், ஆட்டம் தெரிந்த பிறகு அந்த வண்டியை ஓட்டக் கூடாது.

எனக்கே நடந்ததைச் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன், ஒரு பயணத்துக்குக் கிளம்பும் காலையில் கீழ் ஜாயின்ட்டை மூடியிருக்கும் ரப்பர் உறை, அதாவது பூட், கிழிந்திருப்பதைப் பார்த்தேன். ஆட்டிப் பார்த்தேன், ஆட்டம் இல்லை. திரும்பி வந்து மாற்றிக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டேன். மூன்றாம் நாள் ஓர் ஓடையைக் கடந்து கரையேறும்போது, ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்திருந்தேன், வேகம் நடக்கிற வேகம்தான். பெரிய சத்தத்தோடு சக்கரம் மடிந்து ஃபெண்டருக்குள் சாய்ந்தது. டிரைவ் ஷாஃப்ட் உருவிக்கொண்டு வந்துவிட்டது, பிரேக் ஹோஸ் அறுந்துவிட்டது. முந்தைய நாள் அதே வண்டியில், அதே ஜாயின்ட்டோடு, குடும்பத்தை உட்காரவைத்து நெடுஞ்சாலையில் ஓட்டியிருந்தேன். அந்த நினைப்பு இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. அன்றிலிருந்து கிழிந்த பூட்டைப் பார்த்தால் ஜாயின்ட்டையே மாற்றிவிடுகிறேன். ஆட்டம் இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதில்லை.

சரி, நீங்களே மாற்ற முடியுமா? முடியும். முதலில் எந்த வகைப் பொருத்தம் என்று பாருங்கள். போல்ட் போட்டு மாட்டியிருந்தால் வேலை சுலபம். கம்பெனி ரிவெட் அடித்திருந்தால் ரிவெட்டின் தலையைத் துளைபோட்டு எடுத்துவிட்டு, புதிய ஜாயின்ட்டோடு வரும் போல்ட்டைப் போட வேண்டும். கையில் கிடைக்கும் ஏதோ ஒரு போல்ட்டைப் போடாதீர்கள், அதன் வலிமை வேறு. ஆர்மோடு பிரிக்க முடியாமல் வரும் வகை என்றால் ஆர்மையே மாற்ற வேண்டியதுதான். ஓட்டைக்குள் அழுத்திப் பொருத்தி, சர்க்ளிப் (பள்ளத்தில் விழுந்து பூட்டும் வளையம்) போட்டிருக்கும் வகைதான் அதிகம் கேள்விப்படுவது, அதிகம் கெடுக்கப்படுவதும் அதுதான். அதற்கு சி வடிவ பால் ஜாயின்ட் பிரஸ் ஒன்று வேண்டும். இரவல் வாங்கினாலும் பரவாயில்லை, பிரஸ் இல்லாமல் அந்த வேலையில் இறங்க வேண்டாம்.

சக்கரத்தைக் கழற்றுங்கள். சேஸிஸ் ஸ்டாண்டில் நிற்கட்டும். ஜாக்கி கீழ் ஆர்முக்கு அடியில் முட்டுக் கொடுத்தபடியே இருக்கட்டும். இதில் அசட்டை வேண்டாம். ஸ்பிரிங் ஷாக்கோடு சேராமல் தனியாக உட்கார்ந்திருக்கும் வண்டி என்றால், ஜாயின்ட் விடுபடும் அந்த நொடியில் ஸ்பிரிங்கைப் பிடித்து வைத்திருப்பது அந்த ஜாக்கி மட்டும்தான். அது நழுவினால் ஆர்மும் ஸ்பிரிங்கும் ஆளையே கொல்லும் விசையோடு வெளியே வரும். டார்ஷன் பார் (சுருள் ஸ்பிரிங்குக்குப் பதில் முறுக்கிக்கொடுக்கும் கம்பி) உள்ள வண்டியில், பாரின் அட்ஜஸ்டிங் போல்ட் எந்த உயரத்தில் இருக்கிறது என்று அளந்து எழுதிக்கொண்டு அதைத் தளர்த்திவிடுங்கள்.

பிரேக் காலிப்பரைக் கழற்றினால் கம்பி போட்டுச் சேஸிஸில் கட்டுங்கள், ஹோஸில் தொங்கக் கூடாது. ஏ.பி.எஸ். வயரை நக்கிளிலிருந்து முதலிலேயே விடுவித்துவிடுங்கள். நக்கிள் வெளியே சாயும்போது டிரைவ் ஷாஃப்ட்டின் உள் ஜாயின்ட் இழுபட்டுக் கழன்றுவிடும், அதையும் தாங்கிப் பிடிக்க வேண்டும். நட் சுழலாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின்னை எடுத்துவிட்டு, தலையில் வெட்டுகள் உள்ள காசில் நட்டைத் தளர்த்துங்கள். முழுவதும் கழற்றாமல், நாலைந்து மரை விட்டுவிடுங்கள். ஜாயின்ட் விடுபடும்போது நக்கிள் உங்கள் காலில் விழாமல் அந்த நட் பிடித்துக்கொள்ளும்.

இப்போது ஸ்டட்டைப் பிரிக்க வேண்டும். ஸ்டட்டின் கழுத்து மெல்லச் சரிந்த டேப்பர். அது ஓட்டையின் சரிவுக்குள் இறுகி, உராய்வால் பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஸ்டட்டின் நுனியில் அடித்தால் மரை நசுங்கும், அவ்வளவுதான். அடிக்க வேண்டிய இடம் நக்கிளின் பக்கவாட்டில், ஸ்டட்டைச் சுற்றியிருக்கும் தடித்த பகுதி. பாரமான சுத்தியலால் அங்கே நேராக நாலு அடி அடித்தால் ஓட்டை ஒரு கணம் நெளியும், டேப்பர் பட்டென்று விட்டுவிடும். எதிர்ப்பக்கம் இன்னொரு சுத்தியலை முட்டுக் கொடுத்தால் இன்னும் சீக்கிரம் விடும். அலுமினிய நக்கிளை இப்படி அடிக்க வேண்டாம். அதற்குத் திருகி இழுக்கும் புல்லர்தான் சரி. கவட்டை மாதிரி இருக்கும் ஆப்பை அடித்து இறக்கினால் வேலை வேகமாக முடியும், ஆனால் பூட் கிழிந்துவிடும். தூக்கிப் போடப் போகிற ஜாயின்ட்டுக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். வேறு வேலைக்காக நல்ல ஜாயின்ட்டைப் பிரிக்கும்போது அந்தப் பக்கமே போகாதீர்கள். கேஸ் கட்டர் வைத்துச் சூடு காட்டுவதும் வேண்டாம். உள்ளே கிரீஸ் இருக்கிறது, ரப்பர் இருக்கிறது, நக்கிளின் எஃகு பதப்படுத்தப்பட்டது.

சர்க்ளிப்பை எடுத்துவிட்டு, ஓட்டையைச் சுற்றியிருக்கும் துருவைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிடுங்கள். முந்தைய நாள் இரவே அடித்து வைப்பது இன்னும் நல்லது. பிரஸ்ஸின் திருகுக்குக் கிரீஸ் போடுங்கள், போடாவிட்டால் அதன் மரைதான் முதலில் போகும். ஒரு பக்கம் ஜாயின்ட் விழுவதற்கு இடமுள்ள கிண்ணம், மறுபக்கம் தள்ளும் தட்டு. நேர்க்கோட்டில் நிற்கிறதா என்று ஒன்றுக்கு இரண்டு முறை பாருங்கள். நன்றாக இறுக்கியும் அசையவில்லை என்றால், அந்த இறுக்கத்திலேயே விட்டு ஆர்மின் பக்கவாட்டில் சுத்தியலால் ஓர் அடி கொடுங்கள், பெரும்பாலும் விட்டுவிடும். அந்த நேரத்தில் பிரஸ்ஸுக்கு நேர் எதிரே முகத்தை வைத்திருக்காதீர்கள், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

ஓட்டை வெறுமையானதும் நிறுத்தி நன்றாகப் பாருங்கள். விரிசல் இருக்கிறதா, முட்டை வடிவமாக நசுங்கியிருக்கிறதா, முன்பு அடித்த ஜாயின்ட் சாய்ந்து ஏறிய தடம் இருக்கிறதா? நக்கிளில் ஸ்டட் உட்காரும் டேப்பர் ஓட்டையையும் பாருங்கள். அங்கே பளபளப்பான படிகள் தெரிந்தால் நட் தளர்ந்து ஸ்டட் உள்ளே ஆடியிருக்கிறது. அப்படியானால் நக்கிளையே மாற்ற வேண்டும். புதிய ஜாயின்ட் கையால் தள்ளினாலே ஓட்டைக்குள் போகிறது என்றால் அந்த ஆர்ம் முடிந்துவிட்டது. சிலர் நாலு இடத்தில் வெல்டிங் பொட்டு வைத்து நிறுத்துவார்கள். அந்தச் சூட்டில் உள்ளே பந்தைத் தாங்கியிருக்கும் பிளாஸ்டிக் லைனர் உருகிவிடும். நான் அதற்கு ஒருநாளும் சம்மதிக்க மாட்டேன்.

புதிய ஜாயின்ட்டை ஒரு ராத்திரி ஃப்ரீசரில் வைத்தால் மயிரிழை சுருங்கும், ஏறுவதற்குக் கொஞ்சம் உதவும். அழுத்தும்போது விசை ஜாயின்ட் உடலின் வெளி விளிம்பில்தான் விழ வேண்டும். ஸ்டட்டின் மேலோ, அடிமூடியின் நடுவிலோ தட்டு பட்டால் உள்ளே லைனர் நசுங்கிவிடும். வெளியே பார்க்க எந்தக் குறையும் தெரியாது, சில மாதத்தில் தட்ட ஆரம்பிக்கும். சுத்தியலால் அடித்து ஏற்றிய ஜாயின்ட்டுக்கும் இதே கதிதான். உங்கள் பட்டறையில் எப்படி ஏற்றினார்கள் என்று முடிந்தால் கேட்டுப் பாருங்கள். முதல் சில மில்லிமீட்டரில் நேராக ஏறுகிறதா என்று எல்லாப் பக்கமும் பார்த்துவிட்டுத் தொடருங்கள். சாய்ந்தால் வெளியே எடுத்து மறுபடியும் வையுங்கள், சாய்ந்தபடியே இழுத்து ஏற்றினால் ஓட்டை போய்விடும். விளிம்பு முழுக்க உட்கார்ந்த பிறகு சர்க்ளிப் தன் பள்ளத்தில் சுற்றிலும் விழுந்திருக்கிறதா என்று ஸ்க்ரூ டிரைவர் நுனியால் தடவிப் பாருங்கள்.

ஸ்டட்டின் டேப்பரும் அது உட்காரும் ஓட்டையும் எண்ணெய்ப் பசை இல்லாமல், துடைத்து, உலர்ந்திருக்க வேண்டும். துரு பிடிக்கக் கூடாது என்று அங்கே கிரீஸோ துருத்தடுப்புப் பசையோ தடவுகிறவர்கள் உண்டு. உராய்வால் பிடித்து நிற்க வேண்டிய இடத்தில் வழுக்கலைக் கொடுத்தால், இறுக்கும்போது ஸ்டட் அளவுக்கு மேல் உள்ளே இழுபடும், பிறகு தளரும். நட்டை டார்க் ரெஞ்சால் மேனுவலில் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள், இம்பாக்ட் கன் வேண்டாம். ஸ்டட்டும் நட்டோடு சேர்ந்து சுற்றினால், ஜாயின்ட் பொருத்தத்தைப் பார்த்து, டேப்பர் உள்ளே அமரும் பக்கமாக ஜாக்கியாலோ கடப்பாரையாலோ அழுத்திக்கொண்டு இறுக்கலாம். அளவுக்கு இறுக்கிய பிறகு ஸ்பிளிட் பின் ஓட்டை நட்டின் வெட்டோடு பொருந்தவில்லை என்றால் இன்னும் இறுக்கித்தான் பொருத்த வேண்டும், தளர்த்திப் பொருத்தக் கூடாது. ஆறு வெட்டு உள்ள நட்டில் அதற்காக 60 டிகிரிக்கு மேல் திருப்ப வேண்டி வராது. ஸ்பிளிட் பின் ஒவ்வொரு முறையும் புதிது. லாக் நட் வகை என்றால் அதுவும் புதிது.

ஆர்மின் உள்பக்க புஷ் போல்ட்டைத் தளர்த்தியிருந்தால், வண்டி தரையில் தன் எடையோடு நிற்கும்போதுதான் அதைக் கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் புஷ் எப்போதும் முறுக்கிக்கொண்டே நின்று கிழியும். பிறகு வீல் அலைன்மென்ட். கேம்பர் (சக்கரத்தின் சாய்வு), டோ (சக்கரம் உள்ளோ வெளியோ நோக்கும் கோணம்) இரண்டுமே நகர்ந்திருக்கலாம். செய்யாமல் விட்டால் டயர் தேய்ந்து அது சொல்லும்.

இப்போது கழற்றி வைத்த பழைய ஜாயின்ட்டுக்கு வருவோம். பூட்டைக் கத்தியால் அறுத்து, கிரீஸை ஒரு வெள்ளைத் துணியில் தடவுங்கள். பழுப்பு நிறமாக, விரல்களுக்கு நடுவில் நறநறவென்றால் தண்ணீரும் மணலும் உள்ளே போயிருக்கின்றன. பூட் கிழிந்ததோ, சரியாக உட்காராததோ காரணம். கிரீஸ் புதிதுபோல சுத்தமாக இருந்தும் ஆட்டம் இருந்தால், பொருத்தும்போதே லைனர் நசுங்கியிருக்கலாம். அடிமூடியில் சுத்தியல் தடமோ குழியோ தெரிகிறதா பாருங்கள். மூன்றாவது, ஸ்டட்டின் கழுத்தில், பந்துக்குச் சற்று மேலே, ஒரு பக்கம் மட்டும் நசுங்கிய தடம். அது இருந்தால் ஸ்டட் தன் எல்லைக்கு மேல் சாய்ந்து கிண்ணத்தின் உதட்டில் இடித்துக்கொண்டிருந்திருக்கிறது. உங்கள் வண்டியில் நான் சந்தேகப்படுவது இதைத்தான். காரணம் அந்த இரண்டரை அங்குலம்.

ஒரு பால் ஜாயின்ட் இத்தனை டிகிரிதான் சாயும் என்று ஓர் அளவோடு செய்யப்படுகிறது. கம்பெனி உயரத்தில் வண்டி நிற்கும்போது ஸ்டட் அந்த அளவின் நடுப்பகுதியில் இருக்கும், மேலேயும் கீழேயும் இடம் இருக்கும். ஸ்பேசரோ நீள ஸ்பிரிங்கோ போட்டு உயர்த்தினால் ஆர்ம்கள் எப்போதும் கீழ்நோக்கிச் சரிந்தே நிற்கின்றன. வண்டி சும்மா நிற்கும்போதே ஸ்டட் ஓர் ஓரத்துக்குப் போய்விட்டது. சக்கரம் ஒரு குழியில் முழுவதும் தொங்கும்போது மீதி இடமும் தீர்ந்து, கழுத்து உதட்டில் இடிக்கிறது. அந்த இடி ஸ்டட்டை வளைக்கலாம், உதட்டை விரிக்கலாம், பூட்டை நடுவில் நசுக்கிக் கிழிக்கலாம். மேல் ஜாயின்ட்டுக்கு இது இன்னும் மோசம், ஏனென்றால் மேல் ஆர்ம் பொதுவாக நீளம் குறைந்தது, அதே உயர மாற்றத்துக்கு அது அதிகம் சாய வேண்டியிருக்கிறது. லிஃப்ட் செய்கிறவர்கள் கோணம் திருத்திய மேல் ஆர்மை மாற்றுவது இதற்காகத்தான்.

நீங்கள் செய்து பார்க்கக்கூடியது இது. இரண்டு பக்கச் சேஸிஸையும் ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரங்களை முழுவதும் தொங்கவிட்டு, ஸ்டியரிங்கை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை திருப்பி, நாலு ஜாயின்ட்டின் பூட்டையும் பாருங்கள். ஒரு பக்கம் பூட் நசுங்கி ஒட்டிக்கொண்டு, மறுபக்கம் தோல்போல விறைத்து நின்றால் கோணம் தீர்ந்துவிட்டது. அப்போது உயரத்தை ஓர் அங்குலம் இறக்குவது, அல்லது சக்கரம் அவ்வளவு தொங்காதபடி லிமிட் ஸ்ட்ராப் போடுவது, அல்லது கோணம் திருத்திய ஆர்ம் வாங்குவது என்று மூன்று வழிகள். ஓர் அங்குலம் இறக்குவதில் அதிகச் செலவு இல்லை, இழப்பதும் பலர் நினைப்பதைவிடக் குறைவு. என்னைக் கேட்டால் முதலில் அதைத்தான் செய்வேன். டயரும் சேர்ந்து வேலை செய்கிறது. அகல டயரும் வெளியே தள்ளிய ரிம்மும் சக்கரத்தின் நடுக்கோட்டை ஜாயின்ட்டிலிருந்து தூரமாகக் கொண்டுபோகின்றன. நெம்புகோலின் கை நீள்வது போலத்தான் அது. ஒரே கல்லில் இடித்தாலும் ஜாயின்ட்டுக்கு வரும் அடி பெரிதாகிறது.

முழு அச்சு வண்டிகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பலர் கேட்பார்கள். ஜீப் ராங்லர் போன்றவற்றில் அச்சின் ஒவ்வொரு முனையிலும் மேலும் கீழும் ஒரு ஜாயின்ட் இருக்கும். உயர்த்தினால் அங்கே இந்தக் கோணப் பிரச்சினை வராது, அச்சும் சக்கரமும் சேர்ந்தே ஏறி இறங்குகின்றன. அங்கே டயர் எடையும் இடியும்தான் எதிரி. மேல், கீழ் ஜாயின்ட்களில் எதை முதலில் கழற்றுவது, எந்த நட்டை முதலில் இறுக்குவது என்பதில் அச்சுக்கு அச்சு வேறுபாடு உண்டு, மேனுவலைப் பார்க்காமல் தொடாதீர்கள். ஒரு வேகத்தில் ஸ்டியரிங் பயங்கரமாக உதறும் வண்டியில் டிராக் பாரோடு (அச்சைப் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் கம்பி) இந்த ஜாயின்ட்களையும் பார்க்க வேண்டும். பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டர், டொயோட்டா லேண்ட் க்ரூஸர் 80, சுஸுகி சாமுராய் ஆகியவற்றில் முன் அச்சில் பால் ஜாயின்ட்டே கிடையாது, கிங் பின்தான் (சக்கரம் திரும்பும் அச்சாணி).

பராமரிப்பு என்பது பெரும்பாலும் பூட்டைப் பார்த்துக்கொள்வதுதான். பந்து கடினமான எஃகு, கிண்ணத்தில் எஃகோ பிளாஸ்டிக் லைனரோ இருக்கும். சுத்தமான கிரீஸில் அவை பல வருடம் ஓடும். மணல் கலந்த தண்ணீர் ஒரு தடவை உள்ளே போய்விட்டால் அது அரைக்கும் கல்லாகிவிடுகிறது. ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் பூட்டைச் சுற்றி விரலை ஓட்டுங்கள். வெடிப்பு, கிரீஸ் கசிவு, அடிவளையம் நழுவியிருப்பது, எது தெரிந்தாலும் அன்றே கவனியுங்கள். வண்டி கழுவும்போது உயர் அழுத்தத் தண்ணீரைப் பூட்டின் விளிம்பில் நேராக அடிக்காதீர்கள். சேற்றைக் கழுவுகிறோம் என்று நினைத்துக்கொண்டு சேற்றை உள்ளே ஏற்றிவிடுவோம்.

நிப்பிள் உள்ள ஜாயின்ட் என்றால் முதலில் நிப்பிளைத் துணியால் துடையுங்கள். துடைக்காவிட்டால் அதன் மேல் ஒட்டிய மணலைத்தான் முதலில் உள்ளே தள்ளுவீர்கள். கிரீஸ் கன்னை மெதுவாக அமுக்குங்கள். பூட் லேசாக உப்ப ஆரம்பித்தால் நிறுத்திவிடுங்கள். கையால் அமுக்கும் கன்னே பூட்டை வெடிக்கவைக்கும் அழுத்தத்தைச் சுலபமாகக் கொடுக்கும். பழைய கிரீஸ் வெளியேற வழியுள்ள பூட் என்றால் மட்டும் சுத்தமான கிரீஸ் வரும்வரை அடிக்கலாம். ஆழமான தண்ணீரில் இறங்கிய பயணம் என்றால் வீட்டுக்கு வந்த அன்றே அடியுங்கள், அடுத்த சர்வீஸ் வரை காத்திருக்க வேண்டாம். கிரீஸ், சேஸிஸுக்கென்று விற்கும் லித்தியம் காம்ப்ளெக்ஸ், கெட்டித்தன்மையில் இரண்டாம் எண், பெரும்பாலும் சரியாக வரும். தண்ணீரில் அதிகம் ஓடுகிறீர்கள் என்றால் கால்சியம் சல்ஃபோனேட் வகை நீரை நன்றாகத் தாங்கும். ஆனால் வகை மாற்றும்போது கலக்காதீர்கள். சில வகைகள் ஒன்றோடொன்று சேராமல் இளகி வழிந்துவிடும், முக்கியமாக பாலியூரியாவும் லித்தியமும். பழையதை முடிந்தவரை வெளியேற்றிவிட்டுப் புதியதை அடியுங்கள்.

இப்போது பிராண்ட். உங்கள் கேள்விக்கு நேரான பதில்: வண்டித் தயாரிப்பாளரின் சொந்த ஜாயின்ட்டையோ, அதற்கு நிகரான பெயருள்ள ஒன்றையோ வாங்குங்கள், அடுத்த முறையும் அதையே வாங்குங்கள். நிப்பிள் உள்ளதா, மூடியதா என்றால், தவறாமல் கிரீஸ் அடிப்பீர்கள் என்ற உறுதி உங்களுக்கு இருந்தால் நிப்பிள் உள்ளது. இல்லையென்றால் மூடிய வகைதான் அதிக நாள் வரும். நிப்பிள் வைத்த ஜாயின்ட்டை வாங்கிப் போட்டு இரண்டு வருடம் கிரீஸ் கன்னையே காட்டாத வண்டிகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். இடது பக்கம் மட்டும் தட்டினாலும் வலது பக்கத்தையும் கழற்றாமலே அதே சோதனையில் பாருங்கள். இரண்டும் ஒரே நாளில், ஒரே கையால் போடப்பட்டவை.

காட்டுவழியில் ஜாயின்ட் கழன்றுவிட்டால் என்ன செய்வது என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ஆர்மை ஜாக்கியால் தூக்கி நக்கிளோடு சேர்த்து, சங்கிலியோ ராட்செட் ஸ்ட்ராப்போ போட்டு இறுக்கிக் கட்டலாம். பிரேக் லைன் அறுந்திருந்தால் அதைக் கவனிக்காமல் நகரக் கூடாது. அந்தக் கட்டு, வண்டியை இடைஞ்சலான இடத்திலிருந்து நடக்கும் வேகத்தில் சமதளத்துக்கு நகர்த்த மட்டும்தான். அதற்கு மேல் இழுவை வண்டி. நீண்ட பயணத்துக்கு ஒரு கீழ் ஜாயின்ட், இரண்டு ஸ்பிளிட் பின், ஒரு நட் எடுத்துப்போவது பாரமே இல்லை. பிரஸ்ஸும் கூட இருந்தால்தான் அந்த ஜாயின்ட்டால் பயன்.

மாற்றிய பிறகு முதல் கரடுமுரடான பயணம் முடிந்ததும் சக்கரத்தைக் கழற்றி, சர்க்ளிப் இடத்தில் இருக்கிறதா, ஸ்பிளிட் பின் இருக்கிறதா, போல்ட் வகை என்றால் போல்ட்டின் இறுக்கம் குறையவில்லையா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். நட்டின் மேலும் ஸ்டட்டின் நுனியிலும் சேர்ந்தாற்போல பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுவைத்தால், அடுத்த முறை ரெஞ்ச் எடுக்காமலே தளர்ந்திருக்கிறதா என்று தெரியும். பழைய ஜாயின்ட்டை அறுத்ததும் மூன்றில் எந்தத் தடம் இருந்தது என்று எழுதுங்கள். கழுத்தில் நசுங்கல் இருந்தால், உயரத்தை எவ்வளவு இறக்குவது என்பதை உங்கள் ஆர்மின் அளவுகளை வைத்துச் சேர்ந்தே கணக்குப் போடலாம்.